தீர்மானம் எண் நான்கு

ஏப்ரல் கூட்டம் சலவையறையில் நடந்தது.
தம்பெரேயின் தெற்கு விளிம்பில், மூன்று வாசல், முப்பத்தாறு வீடு,
எங்களுக்கு வேறு பொது அறை கிடையாது.
உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால்
தலைவர் பேசியதில் பாதி
என் குறிப்பேட்டில் இல்லை.

ஒன்று, பனி தள்ளிய செலவு. அதிகம் என்றார்கள்.
இரண்டு, கம்பளம் அடிக்கும் சட்டத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டிச்
சாவியைத் தொலைத்தது.
மூன்று, சௌனாவில் வெள்ளிக்கிழமை ஆறு மணி முறை.
அது ஹெய்க்கிலா குடும்பத்துக்கு. பத்தொன்பது வருடமாக.
பேச யாருக்கும் துணிவில்லை,
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது,
போன கூட்டத்தில் தள்ளிவைத்தது போலவே.

நான்கு, பி வாசலின் பெஞ்சு.

ஓர்வொக்கி எழுந்தார். முதல் தளம்,
பெஞ்சுக்கு நேர் மேலே ஜன்னல்.
கையில் பட்டியல்: தேதி, மணி, சத்தத்தின் வகை.
சிரிப்பு. சிரிப்பு. பாட்டில்.
ஒரு பையன் அழுதது, இரவு ஒன்றே முக்கால்.
"உட்கார இடமில்லாத இடத்தில் யாரும் கத்த மாட்டார்கள்" என்றார்.
"அழுகிறவன் நின்றுகொண்டு அழுவான்" என்றார்
நான்காம் தளத்துத் தூரே, யாரையும் பார்க்காமல்.

அந்தப் பையனின் ஜாக்கெட் அப்போது
என் தலைக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
நான் எழுதவில்லை அதை.

ஏழுக்கு ஆறு. எடுத்துவிடுவது.
ஏழாவது கை என்னுடையது.

மே மாதம் இரண்டாம் சனி. பிர்ச் மரங்களில்
எலிக்காது அளவுக்கு இலை.
தல்கோ என்பார்கள் இங்கே: எல்லோரும் கூடிச் செய்யும் வேலை,
கூலி ஒரு சாசேஜ்.
வழுக்காமல் இருக்கக் குளிர்காலமெல்லாம் தூவிய சரளையைக்
கூட்டி அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்றினோம்.
பனிக்கு அடியில் கிடைத்தவை:
ஒற்றைக் கையுறை பதினொன்று, ஒரு பல்செட்டு.
பல்செட்டுக்கு உரிமை கோரி
இன்றுவரை யாரும் வரவில்லை.

பெஞ்சுக்கு நான்கு போல்ட். துருவேறி
தரையோடு சம்பந்தி ஆகிவிட்டவை.
எடுக்கச் சொன்ன ஏழு பேரில்
ஒருவரிடமும் ஸ்பானர் இல்லை.
தூரேதான் தன் பெட்டியைக் கொண்டுவந்தார்.
எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடி விட்டார்.
"தீர்மானம் தீர்மானம்தான்" என்றார்.
நான்காவது போல்ட்டில் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை.
ஒரு முனையை அவர் பிடிக்க
மறு முனையை ஜாக்கெட்டுக்காரன் பிடித்தான்.
குப்பைக் கொட்டகை வரை கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள்.
லாரி செவ்வாய்க்கிழமை.

நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினோம்,
கொட்டகைக்குப் பக்கத்தில், காற்று அடிக்காதது அங்கேதான்.
ஓர்வொக்கி தட்டோடு நின்றார்.
இடக்காலிலிருந்து வலக்காலுக்கு, வலக்காலிலிருந்து இடக்காலுக்கு
எடையை மாற்றி மாற்றி.
பிப்ரவரியில்தான் மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது.
சுற்றும் முற்றும் ஒருமுறை பார்த்தார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அது எங்களுக்கு நன்றாக வரும்.

பிறகு ஏலிஸ், என் மகன், பெஞ்சை நிமிர்த்தினான்.
நான் கையுறையால் துடைத்தேன். அவர் உட்கார்ந்தார்.
அப்புறம் ஏ வாசல் ஹோதன், மடியில் குழந்தையோடு.
அப்புறம் ஹெய்க்கிலாக்கள் இருவர்,
வெள்ளிக்கிழமையைப் போலவே இடம் பிடித்து.
நடுவில் மிஞ்சிய ஒரு சாண் அகலத்தில்
ஏலிஸ் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டான்.
அவன் பக்கம் கடுகுப் புட்டியை நகர்த்தினார் ஓர்வொக்கி,
பார்க்காமலேயே.

வெளிச்சம் பத்து மணி வரை இருந்தது.
சிரிப்பு. சிரிப்பு. பாட்டில்.
மணி எத்தனை என்று
அவர் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரவு குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்:
தீர்மானம் எண் நான்கு நிறைவேற்றப்பட்டது.
பெஞ்சு பி வாசலிலிருந்து அகற்றப்பட்டது.
தற்சமயம் குப்பைக் கொட்டகை அருகில்,
மறு அறிவிப்பு வரை.
லாரிக்காரருக்குச் சொல்லியாயிற்று.

போல்ட் நான்கும் தூரேயின் வீட்டில்,
ஒரு ஜாம் பாட்டிலில், எண்ணெயில் ஊறுகின்றன.